பாசத்தடம்

தடமாற்றம் முடிந்த பிறகு அப்பா மேகலாவை ‘நீங்க’ என்றார்.

“உக்காருங்க. காப்பி குடிக்கிறீங்களா?”

ஈரோட்டில் மறுமணம் நடந்த வீடுகளில் இது சகஜம். பிள்ளையை வளர்க்க வளர்க்கப் பெற்றவர் மூளையில் ஒரு பாசத்தடம் பதிகிறது. தடமாற்றி என்ற கருவி அதை ஒரு முகத்திலிருந்து பெயர்த்து இன்னொரு முகத்தில் ஒட்டிவிடும். நகலெடுக்க வராது. இரண்டாம் மனைவிக்குப் பிறந்த நிதின்மேல் அப்பாவுக்கு ஒட்டுதல் வரவில்லை. மேகலாவுக்கு உரியதை அவனுக்கு மாற்றிக்கொண்டார். அவளைக் கேட்கவில்லை. பதினெட்டு வயது முடிந்த பிள்ளைக்குப் பெற்றோர் பாசத்தில் உரிமை கிடையாது என்பது சட்டம்.

நிதின் பாலில் படிந்த ஆடை வேண்டுமென்று அழுதான். அப்பா அதை விரலால் வழித்து எறிந்தார். பாலாடை குமட்டுவது மேகலாவுக்குத்தான், அவனுக்கல்ல.

“என் கண்ணுக்கு ஆகாதுல்ல?” என்று அவன் கன்னமெல்லாம் எச்சிலாக முத்தமிட்டார். பையன் திமிறினான்.

மேகலா முகத்தைத் திருப்பிக்கொண்டாள். எந்த முகத்தை நீட்டினாலும் நக்கும் பாசம். இதற்கா ஏங்கினோம்? காலையில் இங்கே வர பஸ் ஏறும்போதுகூட, ஒரு தடவையாவது ‘வா கண்ணு’ என்பார் என்று நம்பியிருந்தாள்.

சித்தி அவளைச் சமையலறைக்கு இழுத்துப் போனாள்.

“இவர் கொஞ்சறாரு, அவன் ஒட்டவே மாட்டேங்கறான். இப்ப ஆள் விட்டு ஆளே மாத்தறாங்களாம். அப்பா மேல உனக்கு இருக்கறத நிதினுக்குக் குடுத்துட்டா சரியாப் போயிருமாம்.”

“என்னுதையுமா?”

“இனி உனக்கெதுக்கு சாமி அது? நாளைக்குக் கல்யாணமாகிப் போற புள்ள.”

சித்தி முகத்தில் கூச்சத்தின் சாயல்கூட இல்லை.

“இப்ப என்கிட்ட இருக்கறது பாசமில்ல சித்தி. அவரப் பாத்தாலே அருவருப்பா இருக்கு.”

“அட, கோவத்துல பேசற. பெத்தவர் மேல அப்படி யாருக்கு வரும்?”

மேகலா மறுபடி சொல்லவில்லை. சரி என்றாள்.

கருவிக்கு வகை தெரியாது. ஒரு முகத்தின்மேல் எது ஆழமாகப் பதிந்திருக்கிறதோ அதைப் பெயர்க்கும்.

மருத்துவமனையில் நிதின் கண் திறந்ததும் அப்பா ஆசையாகக் குனிந்தார். பையன் அந்த முகத்தைப் பெரிய மனிதனைப் போல நிதானமாகப் பார்த்தான். அவர் சட்டையிலேயே வாந்தி எடுத்தான். அவர் துடைக்க வந்த கையை உதறிச் சுவர்ப்பக்கம் ஒண்டிக்கொண்டான்.

“இந்தாளு வேண்டாம்மா. போகச் சொல்லு.”

அடுத்த கட்டிலிலிருந்து மேகலா இறங்கிச் செருப்பை மாட்டினாள். பல மாதங்களுக்குப் பிறகு நன்றாகப் பசித்தது. வாசலில் நின்றிருந்த நர்ஸிடம் கேட்டாள்:

“அந்தப் பெரியவர் ஏன் அழறாரு?”