உதட்டுக் கோடு

தையல் பிரித்த மறுநாள் பிற்பகல், உப்புத்தண்ணீரில் நனைத்த பஞ்சால் மகனின் வாயைத் துடைத்துக்கொண்டிருந்தபோது, உதட்டின் இடது ஓரம் மட்டும் மெல்ல மேலேறுவதைச் சந்திரமதி பார்த்தாள். தீபன் தூங்கிக்கொண்டிருந்தான். விழித்திருக்கும்போதுகூட அவன் இரண்டு ஓரமும் சமமாக, பல் தெரியாமல்தான் சிரிப்பான். ஒரு பக்கமாக இழுத்துச் சிரிப்பவன் மூத்தவன் யுகேந்திரன். அவன் காஹாங் பக்கம் ஆற்றில் மூழ்கிப்போய் மூன்று வருஷம் ஆகிறது.

மழைக்கு முந்தைய காற்று செம்பனை ஆலையின் புளித்த வாடையை ஜன்னல் வழியே கொண்டுவந்து மருந்து நெடியோடு கலந்தது. மின்விசிறி ஒவ்வொரு சுற்றுக்கும் ஒருமுறை முனகியது. உதடு ஏன் அப்படி ஏறுகிறது என்பது அவளுக்குத் தெரியும்.

சிம்பாங் ரெங்கம் வளைவில் மோட்டார் சறுக்கிய அன்று, தீபனின் கீழுதடு முகவாய் வரை கிழிந்து தொங்கியது. டாக்டர் ஆட்ரி அவளைத் தனியாக அழைத்தார்.

"உதட்டுச் சிவப்பும் தோலும் சேர்ற கோடு இருக்கு பாருங்க ஆன்டி, ஒரு மில்லிமீட்டர் தள்ளிப்போனாலும் ஆளே மாறிடும். சிரிச்ச படம் ஒண்ணு இருந்தா கொண்டாங்க."

அவன் போன் நொறுங்கிவிட்டது. அவளுடைய போனில் எல்லாப் படத்திலும் முகத்தைக் கையால் மறைத்திருந்தான். உயிரோடு இருப்பவர்களை அச்சடித்து மாட்டும் பழக்கம் அந்த வீட்டில் இல்லை. சாமி மேடைக்குப் பக்கத்தில் இருந்த ஒரே படத்தைக் கழற்றி, மாலையை உருவிவிட்டு எடுத்துப்போனாள். அண்ணன் தம்பி, ஒரே ஜாடைதானே. யார் படம் என்று டாக்டர் கேட்கவில்லை. அவளும் சொல்லவில்லை.

தையல் பிரித்தபோது டாக்டர் சொன்னார்: "ஒரு பக்கம் இழுத்தா உடனே வாங்க. பிரிச்சு மறுபடி தச்சிடலாம். தழும்பு இறுகிட்டா கஷ்டம் லா."

உதடு இழுப்பதை அன்று மாலை கணவர் சபாபதியிடம் சொன்னாள். "அலமாக், வீக்கம் வத்துனா சரியாப் போயிடும். உனக்கு எதைப் பாத்தாலும் பயம்," என்று சட்டையை மாட்டிக்கொண்டு இரவு ஷிப்டுக்குப் போனார்.

தையல் பிரித்த மூன்றாம் நாள் தீபனுக்குக் கஞ்சி ஊட்டினாள். நான்கு வாய் இறங்கியது. ஐந்தாவது கரண்டியை நீட்டினாள்.

"நெத்திலி போடலியா மேடம்?"

கரண்டி கீழே விழுந்தது. நெத்திலி வாடை பட்டாலே தீபன் வாந்தி எடுப்பான். அவளை மேடம் என்று கேலி செய்தவன் ஒருவன்தான்.

நிமிர்ந்து கண்களைப் பார்த்தாள். அவை தீபனுடையவை. மிரண்டிருந்தன. அவன் கை மேசையில் பேனாவைத் தேடி எடுத்தது. மருந்து உறையின் பின்புறம் கோணல்மாணலாக எழுதியது: அம்மா நான் பேசல. டாக்டர்ட்ட போலாம்.

அவள் போனை எடுத்தாள். டாக்டரின் எண்ணை அழுத்தினாள். மணி அடித்தது.

"வேணாம் மேடம்," என்றது வாய். "இப்பதானே வந்தேன்."

விரல் நின்றது.

"அங்க ரொம்பக் குளிருதும்மா."

மறுமுனையில் யாரோ ஹலோ என்றார்கள். மறுபடியும் ஹலோ. தீபன் அவள் மணிக்கட்டைப் பிடித்தான். இறுக்கினான். நகம் பதிந்தது.

அவள் போனை அணைத்தாள்.

மூன்று வருஷம். ஒரு வார்த்தை சொல்லாமல் போன பிள்ளை. ஒரே ஒரு வார்த்தை கேட்க எத்தனை கோயில்.

தீபனின் கண்கள் அவளையே பார்த்தன. இமைக்கவில்லை. நீர் நிரம்பியது. வழிந்தது. அதற்குக் கீழே உதடு சிரித்துக்கொண்டிருந்தது.

இரண்டையும் சேர்த்துப் பார்க்க அவளால் முடியவில்லை.

இடது கையை நீட்டி, அந்தக் கண்களின் மேல் வைத்து மூடினாள். உள்ளங்கைக்குள் இமைகள் படபடத்தன. விரலிடுக்கில் வெந்நீராய்க் கசிந்தது.

"சொல்லுய்யா," என்றாள் வாயிடம். "அம்மா இங்கதான் இருக்கேன்."