வாய் திறக்காதவர்களுக்குப் பம்பு கிடையாது

காபிப்பொறி ஆளைப் பார்த்துத்தான் காபி தரும். பூங்கோதை முன்னால் வந்து நின்றதும் அவளுடைய எண்ணைப் படித்தது: எழுபத்தொன்று. நுரை பொங்கக் கொதிகொதியென்று வந்தது காபி. அடுத்து நின்ற கணக்குப் பிரிவுக்காரருக்கு எண் பதினொன்று. அவருடைய கோப்பையில் வெதுவெதுப்பாக, கழனித்தண்ணீர் போல ஏதோ விழுந்தது. அவர் அதையும் வாங்கிக்கொண்டு, பொறியைப் பார்த்து நன்றியோடு தலையசைத்துவிட்டுப் போனார். இந்த வாயில்லாப்பூச்சிகளைக் கண்டாலே பூங்கோதைக்கு எரிச்சல் வரும். கேட்கத் தெரியாதவனுக்கு எதற்குச் சூடான காபி?

குரல்மானி வந்த பிறகு நாடே இப்படித்தான் நடந்தது. ஒரு மனிதனின் பேச்சு, போட்ட சண்டைகள், சொந்தபந்தம், விழுங்கிய அவமானம் எல்லாவற்றையும் அரைத்து, அநியாயம் நடந்தால் இவன் எவ்வளவு கத்துவான் என்று நூற்றுக்கு இத்தனை எனச் சொல்லிவிடும் அது. தண்ணீர் லாரி கத்தக்கூடியவர்களின் தெருவில்தான் முதலில் நின்றது. ஆஸ்பத்திரிக் கட்டிலும் அவர்களுக்கே முதலில். சட்டமும் வளைந்துகொடுத்து, பாதிக்கப்பட்டவர் என்றால் முறையிடக்கூடியவர் என்று திருத்திக்கொண்டது. பெரிய மனிதர்கள் கூடி இதற்குச் சமூக அமைதி என்று பெயர் வைத்தார்கள். வெட்கம் என்ற ஒன்று அவர்களுக்கு என்றைக்குத்தான் இருந்தது?

கோவையிலிருந்த வேங்கை வாகன நிறுவனத்தில் பூங்கோதை மீளழைப்புப் பிரிவின் தலைவி. பழுதான வண்டிகளைத் திரும்ப வரவழைத்துச் சரிசெய்வது அந்தப் பிரிவின் வேலை என்று வாசலில் எழுதியிருந்தது. அன்றைய சிக்கல், நிறுவனத்தின் டீசல் பிக்கப் வண்டியில் இருந்த எரிபொருள் பம்பு. உள்ளே உலோகம் தேய்ந்து, அந்தப் பொடி டீசலோடு போய்க் குழாயை அடைத்து, ஓடுகிற வண்டி சொல்லாமல் கொள்ளாமல் நின்றுவிடுகிறது. சமவெளியில் ஓரமாகத் தள்ளிவிடலாம். மலையிறக்கத்தில் இன்ஜின் நின்றால் ஸ்டியரிங் இறுகும், பிரேக் மிதி கல்லாகிவிடும். வண்டி மட்டும் இறங்கிக்கொண்டே இருக்கும்.

"அறுபதாயிரம் வண்டி வித்திருக்கோம். எத்தனை பேருக்கு நோட்டீஸ்?" என்று கேட்டார் இயக்குநர் கிருபாகரன்.

"எண் நாற்பதுக்கு மேல இருக்கறவங்களுக்கு மட்டும் போதும் சார். மூவாயிரம்கூடத் தேறாது. மத்தவங்க எல்லாம் தலையெழுத்துன்னு போயிடுவாங்க."

கிருபாகரன் மனம் நிறைந்து சிரித்தார். பூங்கோதையும் சிரித்தாள்.

இருக்கைக்குத் திரும்பிய பிறகுதான் அவளுக்குச் சென்னியப்பன் ஞாபகம் வந்தது. சென்னியப்பன் அவளுடைய அண்ணன். கோத்தகிரியிலிருந்து மேட்டுப்பாளையத்துக்குக் கேரட் இறக்குகிறவன். அந்த வண்டியை ஊழியர் சலுகையில் வாங்கிக் கொடுத்ததே அவள்தான். அவன் எண்ணைத் தேடினாள். மூன்று. நோட்டீஸ் வராது. நோட்டீஸ் இல்லாத வண்டியில் புதிய பம்பை மாட்டினாலும் அதன் மின்பூட்டு திறக்காது.

பழுதைப் பற்றி வெளியே மூச்சு விட்டால் வேலை போய்விடும். பழுது பற்றிய பேச்சு வருகிறதா என்று ஊழியர்களின் போனை நிறுவனம் கேட்டுக்கொண்டே இருந்தது. பஸ் ஏறினால் மத்தியானத்துக்குள் கோத்தகிரி போய் அண்ணனிடம் நேரில் சொல்லிவிடலாம். அது மட்டும் அவளுக்குத் தோன்றவே இல்லை. தோன்றியதெல்லாம், அண்ணனைக் கத்தவைத்து அவன் எண்ணை ஏற்றிவிடலாம் என்பதுதான். பழுதைப் பற்றி மூச்சு விடாமல் அவனுக்குப் போன் போட்டாள்.

"அண்ணா, வண்டி எப்படி ஓடுது?"

"தங்கமாட்டம் ஓடுது அம்மிணி."

"ஓடலைன்னு கம்பெனிக்குப் போன் போட்டுக் கத்துங்க. கேஸ் போடுவேன்னு சொல்லுங்க. நாலு கெட்ட வார்த்தை பேசுனாலும் தப்பில்லை."

"உங்க கம்பெனியவா? உன்ற வேலைக்கு ஏதாச்சும் ஆயிருமே!"

"ஒண்ணும் ஆகாது. காரணமாத்தான் சொல்றேன். கத்துங்க."

தங்கை சொல்லைத் தட்டாதவன் உடனே அழைத்தான். முறையீட்டுப்பொறி எடுத்தது. பூங்கோதை அந்த அழைப்பைத் தன் கணினியில் திறந்து, இருக்கையிலிருந்தே கேட்டுக்கொண்டிருந்தாள். சென்னியப்பன் தொண்டையைச் செருமிக்கொண்டான்.

"வணக்கமுங்க. சாப்டீங்களா?"

"உங்கள் குறையைச் சொல்லுங்கள்" என்றது பொறி.

"குறைன்னு பெருசா ஒண்ணுமில்லீங்க. வண்டி வந்துங்க... பரவால்லீங்க, உங்களுக்கு ஆயிரம் சோலி இருக்கும். எங்க அம்மிணி அங்கதானுங்க வேலை பாக்குது. கொஞ்சம் நல்லாப் பாத்துக்கோங்க. வெச்சர்றனுங்க."

எண் மூன்றிலிருந்து ஒன்றுக்கு இறங்கியது.

பூங்கோதை மேசையில் ஓங்கி அடித்தாள். இவனுக்குத்தான் வாயில்லை, இவனுக்காகக் கேட்க ஆள்கூடவா இல்லை? குரல்மானி உறவுகளையும் சேர்த்துத்தான் கணக்கிடும் என்பது அவளுக்குத் தெரியும். கணக்கைத் திறந்து பார்த்தாள். கேட்க உரிமையுள்ள ஒரே உறவு, தங்கை பூங்கோதை. விபத்தில் அண்ணன் உயிரிழந்தால் நிறுவனத்தை எதிர்த்துத் தங்கை எழுப்பும் குரல்: இரண்டு.

அவளுக்கு முகமெல்லாம் எரிந்தது. எழுபத்தொன்று என்பது ஓட்டல் சிப்பந்தியிடமும் ஆட்டோக்காரரிடமும் அவள் கத்திக் கத்திச் சேர்த்தது. திருப்பிக் கேட்க முடியாதவர்களிடம் கத்துவதைக் குரல்மானி வேறு கணக்கில் வைத்திருந்தது; நிறுவனத்தை எதிர்க்கும் கணக்கில் அதைச் சேர்க்கவில்லை. இந்தத் தகரடப்பாவுக்கு என்ன தெரியும் என்று பல்லைக் கடித்தபடி எழுந்தாள். நேராகக் கிருபாகரனின் அறைக்குப் போனாள். சொல்ல வேண்டியதெல்லாம் நாக்கு நுனியில் இருந்தது.

"வாங்க பூங்கோதை, நானே கூப்பிடணும்னு இருந்தேன். அடுத்த மாசத்திலேருந்து தென்மண்டலம் முழுக்க உங்க கையிலதான்." கிருபாகரன் நிமிர்ந்து அவளைப் பார்த்தார். "ஏதோ சொல்ல வந்தீங்களே?"

அவள் வாயைத் திறந்தாள்.

"ஒண்ணுமில்ல சார். நோட்டீஸெல்லாம் தயார்னு சொல்ல வந்தேன்."

வெளியே வந்து காபிப்பொறியின் முன் நின்றாள். பொறி வழக்கத்தைவிடக் கொஞ்சம் நேரம் யோசித்தது. பிறகு கோப்பையில் வெதுவெதுப்பாகக் கழனித்தண்ணீர் விழுந்தது. அதைக் கையில் எடுத்தபோது போன் அடித்தது.

"அம்மிணி, லோடு ஏத்தியாச்சு, கீழ இறங்கப்போறேன். காரணமாத்தான் சொல்றேன்னியே, என்னன்னு கேக்க மறந்துட்டேன். வண்டியில ஏதாச்சும் கோளாறா? சொல்லு, இப்பவே ஓரங்கட்டிப் போடறேன்."

ஆமாம் என்று ஒரு சொல் போதும். நிறுவனமும் கேட்டுக்கொண்டுதான் இருந்தது.

"ஒண்ணுமில்லண்ணா. பாத்துப் போங்க."

"நீ அங்க இருக்கறப்ப எனக்கென்ன அம்மிணி" என்று சிரித்தான் சென்னியப்பன். டீசல் இன்ஜின் கிளம்பும் உறுமல் போனில் கேட்டு, பிறகு அறுந்தது.

பூங்கோதை கோப்பையிலிருந்ததைக் கடைசிச் சொட்டுவரை குடித்தாள். குடித்துவிட்டு, பொறியைப் பார்த்துத் தலையசைத்தாள்.