உறங்கானேந்தலுக்கு மூன்று சாட்சி

மழை சட்டென்று பிடித்துக்கொண்டது. நோட்டைத் துப்பட்டாவுக்குள் பொத்திக்கொண்டு பஸ் நிறுத்தத்துக்கு ஓடிய கற்பகவல்லி, உள்ளே நின்றவன்மேல் மோதியேவிட்டாள்.

"மெதுவா வாங்க... ஊரு எங்கயும் ஓடிறாது."

நிமிர்ந்தாள். சிரிக்கிற கண்கள்... இமை நுனியில் ஒரு மழைத்துளி. அவசரமாகப் பெயர்ப்பலகையைப் பார்த்துக்கொண்டாள்.

"உறங்கானேந்தல்... ஏங்க இந்தப் பேரு?"

"கம்மாயில தவளை ராத்திரி பூரா கத்தும். எவன் உறங்குவான்?"

அவன் சபரிநாதன். மல்லாங்கிணறு பக்கத்து இந்த ஊரில் மக்காச்சோளம் போட்டிருப்பவன். அவளுக்குப் பகலில் சிவகாசியில் பட்டாசு லேபிள் அச்சகத்தில் வேலை, மாலையில் தமிழ் வகுப்பில் படிப்பு. ஊர்ப்பெயர்க் கதைகளை வகுப்பே புத்தகமாகப் போடுகிறது. அவள் பங்குக்கு இந்த ஒரு ஊர். மூன்று பேர் ஒரே கதையைச் சொன்னால்தான் எழுதுவாள். தன் காதையே நம்பாதவள்...

டீக்கடை ராமுத்தாய், பேய் உலாவியதால் அந்தப் பெயர் என்றாள். ஆடு மேய்க்கும் மொக்கைச்சாமி, திருடன் பயம் என்றார்.

"அடுத்த ஞாயிறு வாங்க. விசாரிச்சு வைக்கேன்," என்றான் சபரி.

அடுத்த ஞாயிறு மூன்றும் புதுக்கதைகள். திரும்பும்போது பஸ்ஸில் அவளுக்குக் கதை எதுவும் நினைவில் இல்லை... கண்கள்தான் இருந்தன.

மூன்றாம் ஞாயிறு, மழையோடே வந்தாள்.

"நாளைக்குப் புத்தகம் அச்சுக்குப் போகுது. இன்னைக்கும் கதை ஒத்துவரலைன்னா உங்க ஊரும் இருக்காது, என் பேரும் இருக்காது."

மொக்கைச்சாமி தலையைச் சொறிந்தார்.

"ஏலே சபரி, இந்த வாரம் எனக்கு எந்தக் கதைலே?"

கற்பகவல்லியின் முகம் சிவந்தது. நோட்டை மூடிக்கொண்டு மழைக்குள் இறங்கி நடந்தாள். அவன் குடையோடு ஓடிவந்தான். குடை அவள் தலைக்கு மேலே... அவன் முழுக்க நனைந்தான்.

"கதை ஒத்துப்போச்சுன்னா நீங்க திரும்ப வரமாட்டீகளே... அதான் மொத நாள்லருந்தே ஆளுக்கொரு கதை சொல்லச் சொன்னேன்."

"அதுக்கு என் வேலையக் கெடுப்பீகளா?"

"தப்புதாங்க. மழைக்காலத்துல கம்மாக்கரை உடையாம இருக்க, ஊரே முறை போட்டு உறங்காமக் காவல் காத்துச்சு. அதான் பேரு. அவுகளையும் கேளுங்க."

திரும்பிவந்து ராமுத்தாயையும் மொக்கைச்சாமியையும் தனித்தனியாகக் கேட்டாள். அதே கதை. எழுதி முடித்துப் பேனாவை மூடினாள். தூரத்தில் பஸ் வரும் சத்தம்... அவள் எழுந்திருக்கவில்லை.

"நான் திரும்ப வரணும்னு சொன்னீகளே... அது மட்டும் நிசம்னு எப்படி நம்ப?"

"நிசந்தான் தாயி," என்றாள் ராமுத்தாய். "நீ போனப்புறமும் ரோட்டையே பார்த்துக்கிட்டு நிப்பான்."

"ஆமா, என் ஆடு அவன் சோளத்துல மேஞ்சாக்கூட வெரட்ட மாட்டான்," என்றார் மொக்கைச்சாமி.

சபரி குடையை மடக்கினான். "ரெண்டு பேருதான ஆச்சு... மூணாவது ஆளுக்கு எங்க போவேன்?"

பஸ் நின்று, கிளம்பியும் போனது. அவள் நோட்டைப் பார்த்தபடியே மெல்லச் சொன்னாள்.

"நான் இங்கனதான இருக்கேன்... என்னையும் ஒரு வார்த்த கேக்குறது."