புதியது முதலில்

மாலை நான்கு மணிக்கு வடிவின் தலையைத் துடைத்துவிடுவார்கள். செவ்வாயின் மூன்றாம் குடியிருப்பில் இது பல் பிடுங்குவது மாதிரி ஒரு சமாசாரம். காதுக்குப் பின்னால் பதித்திருக்கும் நினைவுச்சில்லு இருபத்தைந்து வருஷத்துக்கு மேல் தாங்காது. கசிய ஆரம்பித்ததும் எடுத்துவிட்டு வேறு வைக்க வேண்டும், இல்லையென்றால் உயிருக்கே ஆபத்து. அதற்கு முன்னால் அதில் இருப்பதையெல்லாம் வீட்டு வலை வழியாகத் துணையின் கணினிக்கு மாற்றி வைத்துக்கொண்டு, புதுச் சில்லில் திரும்ப ஏற்றினால் முடிந்தது. சாப்பாட்டு நேரத்துக்கு வீட்டுக்கு வந்துவிடலாம்.

பேச்சும் நடையும் மூளையிலேயே தங்கிவிடும். ஆட்களும் நாட்களும்தான் சில்லில். ஒருவர் நினைவில் குடும்பத்தாரைத் தவிர வேறு யாரும் கை வைக்கக் கூடாது என்று சட்டம் இருந்ததால் மருத்துவமனை பிரதி எடுக்காது. கடிதம் என்னவோ பத்து நாளைக்கு முன்பே வந்துவிட்டது. ஆனால் வடிவின் கணவன் பசுபதி அந்தக் குடியிருப்புக்கே வலைப் பொறியாளன். ஊருக்கே வலை பார்க்கிறவனுக்கு வீட்டு வலை எம்மாத்திரம் என்று கடைசி நாள் காலை வரைக்கும் அதைத் தொடவே இல்லை, மகராசன்.

காலை எட்டு மணிக்கு உட்கார்ந்தான். சில்லும் ஒரு கணினிதானே, வலையில் இருந்தால் பட்டியலில் பெயர் வர வேண்டும். குளிர்பெட்டி இருந்தது, காற்றுச் சுத்திகரிப்பி இருந்தது, தரை துடைக்கும் இயந்திரம்கூட இருந்தது. வடிவு மட்டும் இல்லை.

எல்லாவற்றையும் அணைத்துவிட்டுப் போட்டான். வலையின் பெயர் இரண்டு பக்கமும் ஒன்றாக இருக்கிறதா என்று பார்த்தான். கடவுச்சொல்லை மாற்றினான். காப்புச்சுவரை இறக்கினான். முகவரியைத் தட்டிப் பார்த்தால் சில்லிலிருந்து பதில் சரியாக வந்தது. ஆள் இருக்கிறாள், கோப்பு வரவில்லை. உதவி மையத்துக்குப் பேசினால் அங்கிருந்த இயந்திரம் தேனாகப் பேசி, அணைத்துவிட்டுப் போடச் சொன்னது. பசுபதி அதன் வம்சத்தையே திட்டினான்.

பதினொரு மணிக்கு மேல் அவன் நிமிஷத்துக்கு ஒருமுறை கடிகாரத்தைப் பார்க்க ஆரம்பித்தான். நாலு மணிக்குள் முடியாவிட்டால் இருபத்துமூன்று வருஷம் தன்னோடு இருந்தவளுக்குத் தான் யாரென்றே தெரியாது. அதைவிடப் பெரிய பயம் ஒன்றும் இருந்தது. பதினொரு வருஷத்துக்கு முன்னால் அவர்களுக்கு ஒரு பெண் குழந்தை பிறந்து ஒன்பது நாள் இருந்தது. அப்போது பசுபதி துருவ முகாமில் வேலையாக இருந்தான். புழுதிப் புயலில் வண்டியும் ஓடவில்லை, வலையும் எட்டவில்லை. குழந்தையைக் கண்ணால் பார்த்து வைத்திருந்தது வடிவு ஒருத்திதான். அவள் சில்லில்தானே இருக்கிறது, மனசு தைரியப்படும்போது பார்த்துக்கொள்ளலாம் என்று அவன் தள்ளிப்போட்டுக்கொண்டே வந்தான்.

வடிவு ஒரு முக்காலியை எடுத்துவந்து அவன் அறை வாசலில் போட்டு உட்கார்ந்திருந்தாள். சாப்பிடக் கூப்பிட்டாள், அவன் வரவில்லை. தண்ணீர் கொண்டுவந்து வைத்தாள், அவன் பார்க்கவில்லை. கடைசியில் மெதுவாகச் சொன்னாள்.

"நான் வாயாலேயே சொல்லிடுறேங்க, நீங்க கேட்டுக்கோங்க. குட்டியோட காது எப்படி இருந்துச்சுன்னாவது சொல்றேன்."

"வாயால சொன்னா பாதி தப்பா வரும் வடிவு. சில்லுல சுத்தமா இருக்கு. வேலையா இருக்கேன்ல, இப்பத் தொந்தரவு பண்ணாதே."

அந்தக் காலத்தில் வாயால் சொல்வதைப் பாமரத்தனம் என்று நினைத்தார்கள். மாலையானால் புருஷனும் பெண்டாட்டியும் அன்றைய நாளை அப்படியே வலையில் அனுப்பிக்கொள்வதுதான் நாகரிகம். விடிந்தால் அது தானாக அழிந்துவிடும். இதில் வேடிக்கை என்னவென்றால், வடிவிடமிருந்து அப்படி எதுவும் வந்து எத்தனை நாளாயிற்று என்று பசுபதி அதுவரை யோசித்ததே இல்லை.

மூன்று மணிக்கு அது உறைத்தது. அதுவரை அவளுடைய சில்லையே குடைந்துகொண்டிருந்தவன், முதல்முறையாகத் தன் கணினியின் அமைப்புகளைத் திறந்தான். 'அடக்கி வைத்தவர்கள்' என்ற பட்டியலில் ஒரே ஒரு பெயர் இருந்தது. தேதி, பதினொரு வருஷத்துக்கு முந்தையது. குழந்தை போன பிறகு மாலையானால் வடிவிடமிருந்து அழுகையாகவே வந்துகொண்டிருந்தது. ஒரு வாரம் நிம்மதியாக வேலை பார்க்கலாம் என்றுதான் அதை அழுத்தினான். ஒரு வாரம், ஒரு மாதம், எப்போதும் என்று மூன்று பொத்தான்கள் உண்டு. அவசரத்தில் மூன்றாவதை அழுத்தியிருக்கிறான். பூமியில் கைப்பேசி வைத்துக்கொண்டு திரிந்த காலத்து வசதி அது. அப்புறம் என்னென்னவோ மாறியது, இதை மட்டும் யாருக்கும் எடுக்க மனசு வரவில்லை.

பசுபதி மேஜையில் தலையை வைத்து அழுதான். பதினொரு வருஷமாக அவள் அனுப்பிக்கொண்டே இருந்திருக்கிறாள். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு தடையை நீக்கினான். வடிவின் பெயர் பட்டியலில் வந்தது. பிரதி எடுக்கக் கட்டளை கொடுத்தான். கோடு நகர்ந்தது.

மூன்றே முக்காலுக்குப் படுக்கை வண்டியோடு ஆட்கள் வந்துவிட்டார்கள். இன்னும் பத்து நிமிஷம் கொடுங்கள் என்று கெஞ்சிப் பார்த்தான், கசிவு அதிகமாகிவிட்டது என்று மறுத்துவிட்டார்கள். வண்டி வாசலைத் தாண்டியதும் கோடு நின்றது.

என்ன வந்திருக்கிறது என்று அப்புறம்தான் பார்த்தான். யாரும் மாற்றாவிட்டால் பிரதி 'புதியது முதலில்' என்ற வரிசையில்தான் போகும். அன்றைய நினைவு இன்னும் தூங்கி மடியாதது, பெரிய மூட்டை. பழைய நாட்களெல்லாம் தூக்கத்தில் மடிந்து மடிந்து கையளவாகச் சுருங்கியிருக்கும். பழையதிலிருந்து ஆரம்பித்திருந்தால் கல்யாணம், குழந்தை என்று முக்கால்வாசி வந்து சேர்ந்திருக்கும். வரிசையைப் பார்க்க வேண்டும் என்று ஊருக்கெல்லாம் சொல்லிக்கொடுக்கிற பொறியாளன் தன் வீட்டில் பார்க்கவில்லை. வந்தது ஒரே ஒரு பகல், அந்தப் பகல்.

மருத்துவமனை நடைவழியில் நின்று, கையோடு கொண்டுவந்த கணினியில் அதைத் திறந்து பார்த்தான். காலை எட்டிலிருந்து மூன்றே முக்கால் வரை ஒரு முதுகு தெரிந்தது. முக்காலியின் உயரத்திலிருந்து பார்த்தால் அவன் முதுகு அவ்வளவு அகலம் என்று அவனுக்கே தெரியாது. குழந்தையைப் பற்றி அவள் எதையாவது தனக்குள் நினைத்திருப்பாளோ என்று தேடினான். எண்ணங்களைச் சில்லு பதியாது, கண்டதையும் கேட்டதையும் மட்டும்தான் பதியும். இருந்தாலும் அதையே ஏற்றச் சொன்னான். வேறு என்ன செய்வான், பாவம்.

ஐந்து மணிக்கு வடிவு கண் திறந்தாள். முகம் தெளிவாக இருந்தது. செவிலி அவனைக் கட்டிலுக்குப் பக்கத்தில் கூப்பிட்டு நிறுத்தினாள். குட்டியின் காது எப்படி இருந்தது என்று இப்போது அவன்தான் கேட்க வேண்டும், சொல்லத்தான் யாரும் இல்லை. அவன் குரல் கேட்டால் நினைவு ஒட்டிக்கொள்ளும் என்று செவிலி சொன்னதால் அவள் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டான். வடிவு அந்தக் குரலைக் கேட்டதும் சட்டென்று எழுந்து உட்காரப் பார்த்தாள்.

"இவர் யாருன்னு தெரியுதாம்மா?" என்று செவிலி கேட்டாள்.

வடிவு உதட்டில் விரலை வைத்து, செவிலியைப் பேச வேண்டாம் என்று சாடை காட்டினாள்.

"தெரியும். வேலையா இருக்கார். நாம வெளியில உட்காருவோம்."