ஆல்பர்ட்டின் கால் பெருவிரல்

பவுலினுக்குத்தான் அது முதலில் தெரிந்தது. தட்டு சத்தம் போடவில்லை.

பிலவேந்திரன் சாப்பிட உட்கார்ந்தால் இடது கை தட்டின் விளிம்பில் தாளம் போட்டுக்கொண்டே இருக்கும். கல்யாணமான நாளிலிருந்து இருபத்தெட்டு வருஷமாக ஓய்ந்ததில்லை. சகாய மாதா பேண்டு செட்டில் பெரிய டிரம் அடிக்கிற கை அது. தூக்கத்தில் தலையணையை அடிக்கும், பூசையில் முன் பெஞ்சை அடிக்கும், ஒருமுறை முன்னால் முழங்காலிட்டிருந்த உபதேசியார் முதுகையும் அடித்துவிட்டு ஒன்றும் தெரியாத மாதிரி ஜெபமாலையைப் பிடித்துக்கொண்டது. அன்றைக்கு அதே கை, சோற்றுக்குப் பக்கத்தில் செத்த மீன் போலக் கிடந்தது.

"இன்னாங்க, தட்டு சும்மா கீது?"

"கை வலிக்குதுடி."

வலிக்கவில்லை. விரலைத் தூக்கிப் பார்த்தார், தூக்க முடிந்தது. எப்போது கீழே போடுவது என்றுதான் விரலுக்குத் தெரியவில்லை. நெஞ்சில் உள்ளங்கையை வைத்துப் பார்த்தார். உள்ளே அடித்துக்கொண்டுதான் இருந்தது. ஆனால் அது அவர் அடி இல்லை. அவருடையது சவப்பெட்டி தூக்குகிறவர்களின் நடைக்குத் தகுந்த நிதானமான அடி. இதுவோ தகரக் கூரைமேல் ஆடு ஓடுகிற மாதிரி மூன்று, ஓர் இடைவெளி, இரண்டு, மறுபடியும் மூன்று.

காலையில் நடந்தது இவ்வளவுதான். சின்னசேலம் ரோட்டில் ஒரு பெரிய வாத்தியார் சாவு. பேண்டு செட்டில் ஒரு கட்டுப்பாடு உண்டு: பெட்டி வாசலைத் தாண்டியதும் ஆரம்பிக்கிற பெரிய டிரம், கல்லறை கேட் வரைக்கும் நிற்கக்கூடாது. அடிக்கிறவனுக்கு அவசரம் என்றால் இன்னொருவன் பக்கத்தில் வந்து ஏழு அடி சேர்ந்து அடிக்க வேண்டும். அதற்குப் பிறகு முதல் ஆள் கையை எடுக்கலாம். கை மாத்துறது என்பார்கள். கேட்டைத் தாண்டுவதற்குள் அதேபோல ஏழு அடி சேர்ந்து அடித்து, கையைத் திரும்ப வாங்கிவிட வேண்டும். ஏன் என்று யாரும் கேட்டதில்லை. பேண்டு அடிக்கிறவர்கள் கேள்வி கேட்கிற ஜாதி இல்லை.

பிலவேந்திரனுக்குச் சர்க்கரை. மூத்திரப்பைக்குக் கட்டுப்பாடு தெரியாது. செட்டுக்காரர்கள் எல்லாருடைய வாயிலும் கிளாரினெட்டோ டிரம்பெட்டோ இருந்தது. ஊர்வலத்துக்குப் பின்னால் மலைக்குப் போகிற பஸ் நின்றுவிட்டதால், அதிலிருந்து இறங்கிய ஒரு வெள்ளைக்காரன் டிரம்முக்குப் பக்கத்திலேயே நடந்து வந்துகொண்டிருந்தான். ஏழடி உயரம், இடுப்பு வரை முடி. இரண்டு கையும் தொடையில் பிலவேந்திரனின் அடியைப் பிசகாமல் அடித்துக்கொண்டிருந்தன. அவர் தலையசைத்தார். அவன் வந்தான். ஏழு அடி சேர்ந்து அடித்தார்கள். அவர் கையை எடுத்தார்.

குடத்தைக் கவிழ்த்த மாதிரி உடம்புக்குள் ஏதோ இறங்கிப் போயிற்று. மூத்திரம்தான் என்று நினைத்துக்கொண்டார்.

ரைஸ்மில் சுவருக்குப் பின்னாலிருந்து திரும்புவதற்குள் பெட்டி கேட்டைத் தாண்டியிருந்தது. டிரம், செட்டில் கிளாரினெட் ஊதுகிற மார்ட்டினின் கழுத்தில் தொங்கியது.

"டிரம்ம என்னாண்ட குடுத்துட்டான்" என்றான் மார்ட்டின். "கைய மட்டும் நிறுத்தல. தொடையில தட்டிக்கினே பஸ் ஏறிட்டான். பேரு ஆல்வர்டோ இன்னாவோ. ஆல்பர்ட்டுனு வெச்சிக்க."

சாயங்காலம் டியூட்டி முடிந்து வந்த மகள் ஷைனி அப்பாவின் விரலில் நாடி பார்க்கிற மிஷினை மாட்டினாள். அவள் தனியார் ஆஸ்பத்திரியில் நர்ஸ். நாற்பது காட்டியது. நூற்று எண்பது காட்டியது. எழுபது. மிஷின் கெட்டுவிட்டது என்று அம்மாவுக்கு மாட்டினாள். எழுபத்தாறில் சமர்த்தாக நின்றது. பிறகு அப்பாவின் மணிக்கட்டில் இரண்டு விரலை வைத்துக்கொண்டு, அடுத்த வீட்டு ரேடியோவைக் கேட்பவள் போல வெகுநேரம் தலையைச் சாய்த்திருந்தாள்.

"அப்பா, இது ஒரே மாதிரி திரும்பித் திரும்பி வருது."

"இன்னா மாதிரி?"

"பல்லவி மாதிரி."

இரண்டு நாள் அவரால் உட்கார முடியவில்லை, படுக்க முடியவில்லை. ஃபேன் கிரீச்சிடுவதும் குழாய் சொட்டுவதும் பக்கத்து வீட்டுக் குக்கர் மூச்சு வாங்குவதும் நெஞ்சுக்குள் இருக்கிற அந்தத் தகரக் கூரை ஆட்டோடு சேர்ந்து ஓட, எழுந்து பஸ் ஸ்டாண்டு வரை போவார், டீ சொல்வார், குடிக்காமல் திரும்பி வருவார், வாசலில் செருப்பைக் கழற்றி மறுபடியும் மாட்டிக்கொள்வார்.

மூன்றாம் நாள் காலை ஷைனி போனில் அவனைக் கண்டுபிடித்தாள். நார்வேக்காரன். மெட்டல் பாட்டுக்கு டிரம் அடிக்கிறவன். அந்தப் பாட்டைக் கொஞ்சம் போட்டுக் காட்டினாள். அரவை மிஷினுக்குள் ஆள் விழுந்த மாதிரி இருந்தது. பதினேழு வயதில் ஆரம்பித்து இருபத்திரண்டு வருஷத்தில் ஆறு குழு. ஆறிலும் சொந்த இடம் கிடையாது. உடம்புக்கு முடியாத ஒரு டிரம்மர் மேடையிலேயே குச்சியைக் கொடுப்பான், இவன் வாங்கிக்கொள்வான்.

"வாங்கின அடியை நான் விட்டதேயில்லை, தூக்கம்தான் என்னைத் தோற்கடிக்கும்னு பேட்டி குடுத்துகீறாரு" என்று படித்துச் சொன்னாள்.

ஆறு குழுவுக்கும் ஆறு போட்டோ. எல்லார் முகத்திலும் சுண்ணாம்பும் கரியும். ஒவ்வொன்றிலும் அவனுக்குப் பக்கத்தில் குச்சியைக் கொடுத்த டிரம்மர், சுண்ணாம்பு பூசாமலே வெளுத்த ஆள், இடது நெஞ்சில் உள்ளங்கையை வைத்துக்கொண்டு நின்றான்.

பிலவேந்திரன் தன் கையைப் பார்த்தார். அதுவும் அங்கேதான் இருந்தது.

"இவுங்கல்லாம் இப்ப எங்க கீறாங்க பாப்பா?"

போட்டோவுக்குக் கீழே இருந்த இறந்த தேதியை ஷைனி கட்டைவிரலால் மறைத்தாள். "இப்ப லைவ்ல வராரு" என்றாள். மலையில், மழை ஈரத்தில், ஒரு பலாமரப் பெஞ்சில் அவன் விரலால் தட்டிக்கொண்டிருந்தான். கண் இரண்டும் சிவந்து, இமை தானாக மூடி மூடித் திறந்தது. ஷைனி ஒரு கையில் போனையும் இன்னொரு கையில் அப்பாவின் மணிக்கட்டையும் பிடித்துக்கொண்டு, இரண்டு அடியும் சேர்ந்தே விழுவதைப் பார்த்தாள். பிறகு போனைக் கவிழ்த்து வைத்துவிட்டாள்.

"போய் வாங்கிக்கினு வந்துடுங்க" என்றாள் பவுலின், கடையில் குடையை மறந்துவிட்டு வந்தவரிடம் சொல்கிற மாதிரி. முந்தானையை மட்டும் வாயில் வைத்துக் கடித்துக்கொண்டிருந்தாள்.

கச்சிராயபாளையம் தாண்டி பஸ் மலை ஏறியது. வளைவுக்கு வளைவு மஞ்சு இறங்கி, ஈர மண்ணும் பழுத்த பலாவும் சூடான பிரேக்கும் சேர்ந்த ஒரு வாசனை ஜன்னல் வழியாக வந்து நெஞ்சை அடைத்தது. மேலே போகப் போக அடி பெரிதாகக் கேட்டது. பக்கத்துச் சீட்டுக்காரர் இரண்டு முறை திரும்பிப் பார்த்தார். ஆனால் அடி மெதுவாகிக்கொண்டு வந்தது.

வெள்ளிமலைக்கு அப்பால், லைவில் இடம் போட்டிருந்த ஓட்டுவீடு. மத்தியானம் இரண்டு மணிக்கே மழை இருட்டு. வீட்டைப் பார்த்துக்கொள்ளும் சடையன் கோணிப்பையைத் தலையில் போட்டுக்கொண்டு எதிரே வந்தான்.

"தூங்கறாருண்ணே."

"எழுப்புப்பா."

"ஐயோ, இப்பத்தான். மூணு நாளா கண்ணு மூடல அந்த ஆளு. சோறு துன்னும்போதும் ஒரு கை தட்டிக்கினே. பாக்கவே பாவமா இருந்துது. எம் பொஞ்சாதிக்கு டாக்டரு எழுதிக் குடுத்த தூக்க மாத்திர இருந்துது, குடுத்தேன்." சடையன் கொஞ்சம் வெட்கப்பட்டான். "ஆளு பெரிய ஆளாச்சேனு நாலா குடுத்துட்டேன்."

உள்ளே இரும்புக் கட்டில். அவன் அதைவிட நீளம். இரண்டு பாதமும் கட்டிலுக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்தன. கை இரண்டும் நெஞ்சில் ஓய்ந்து கிடந்தன. வலது கால் பெருவிரல் மட்டும் கட்டில் கம்பியை அடித்துக்கொண்டிருந்தது.

டொக்.

பிலவேந்திரனின் காதுக்குள் அதே டொக்.

"ஆல்பர்ட்டு. யப்பா ஆல்பர்ட்டு." தோளைக் குலுக்கினார். முகத்தில் தண்ணீர் தெளித்தார். சடையனும் உலுக்கினான். தலை அந்தப் பக்கம் உருண்டது, இந்தப் பக்கம் உருண்டது. வாய் மட்டும் திறந்துகொண்டது.

டொக்.

ஏழு அடி. சேர்ந்து அடித்தால் போதும். கால்மாட்டில் மண்டியிட்டு, கம்பியில், அந்த விரலுக்குப் பக்கத்திலேயே தன் விரலை வைத்தார். விரல் எழுந்தது. அவர் விரலும் எழுந்தது. மூன்று நாளைக்குப் பிறகு, எப்போது கீழே வருவது என்று அவர் விரலுக்குத் தெரிந்தது.

ஒன்று.

இரண்டு.

ஓட்டில் மழை தனியாக ஏதோ அடித்துக்கொண்டிருந்தது. மூன்று. இடையில் பெரிய இடைவெளி. நான்கு. அதைவிடப் பெரிய இடைவெளி. கண்ணோரத்தில் அறை சுருங்கியது. முந்தி அடித்துவிடலாம் என்று பார்த்தார். அவர் விரல் வரவில்லை. அது அந்த விரலுக்காகக் காத்திருந்தது.

ஐந்து.

"அண்ணே, உங்க ஒதடு இன்னா நீலமா கீது?"

ஆறு.

பெருவிரல் மேலே போயிற்று. நகத்தில் சிவப்பு மண். பக்கத்தில் பிலவேந்திரனின் விரலும் மேலே போயிற்று.

சடையன் இரண்டையும் பார்த்துக்கொண்டு நின்றான். மழை விட்டது. ஓட்டு நுனியில் சொட்டுவதும் நின்றது.

விரல் இரண்டும் மேலேயே இருந்தன.