கரையாத ஊசிகள்

அண்ணி அடுப்பில் பால் காய்ச்சிக்கொண்டிருந்தபோது, நாத்தனார் ஒரு டப்பாவைக் கொண்டுவந்து சாப்பாட்டு மேசையில் கவிழ்த்தாள். வீட்டுக்கே செல்லம் என்பதால் அவளுக்குக் குட்டி என்றே பெயர். அவள் எதைக் கவிழ்த்தாலும் யாரும் கேட்பதில்லை.

"அண்ணா, இங்க வா. உன் பொண்டாட்டி எனக்கு வைத்தியம் பாக்குற லட்சணத்தப் பாரு."

நாணயம் அளவில் தோலில் ஒட்டும் பட்டைகள் பத்துப் பன்னிரண்டு சிதறின. குட்டிக்குப் பின்னந்தலையில் வட்ட வட்டமாக முடி கொட்டியதால் மருத்துவமனையில் இப்படிப் பட்டைகள் தந்திருந்தார்கள். வாரம் ஒன்றை ஒட்டி, நூறு எண்ணும்வரை அழுத்தவேண்டும். பட்டையிலுள்ள பொடி ஊசிகள் தோலுக்குள் கரைந்து மருந்து இறங்கும். அழுத்துவது அண்ணியின் பொறுப்பு.

"தடவிப் பாருண்ணா, ஒரு ஊசிகூடக் கரையல. மூணு மாசமா அழுத்துற மாதிரி நடிச்சிருக்காங்க... எனக்கு முடி வளந்தா இவங்களுக்கு என்ன குறைஞ்சிடும்?"

அண்ணன் தடவிப் பார்த்தான்.

"முடியலன்னா சொல்லியிருக்கலாமே," என்றான் மனைவியிடம்.

அந்த ஒரு வார்த்தைதான் அவளைச் சுருக்கென்று தைத்தது. அடுப்பை அணைத்தாள். அங்கே நிற்கவே முடியவில்லை. அறைக்குப் போகத் திரும்பினாள்.

"பதில் சொல்லிட்டுப் போங்க," என்று குட்டி அவள் கையைப் பிடித்து இழுத்தாள். அண்ணி வலியில் முகம் சுளித்தாள். அவளுடைய முழுக்கைச் சட்டையின் கை மேலேறியது. மணிக்கட்டிலிருந்து முழங்கைவரை வட்ட வட்டமாகச் சிவப்புப் புள்ளிகள்.

குட்டி கையை விட்டுவிட்டாள். "என்ன அண்ணி இது?"

"மேசையில கிடக்குறதெல்லாம் பழகிப் பாக்குற பட்டை. மருந்தும் இல்ல, கரையவும் கரையாது. மொத வாரம் நான் கோணலா அழுத்தி நீ துடிச்சுப் போனியே... அதான் நர்ஸ்கிட்ட கேட்டு வாங்கினேன். ஒவ்வொரு வாரமும் என் கையில அழுத்திப் பாத்துட்டுதான் உனக்கு ஒட்டுவேன்."

குட்டி அவள் தோளில் விழுந்து தேம்பினாள். அண்ணன் பட்டைகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கி டப்பாவில் போட்டான், தலை நிமிராமல்.

பரவாயில்லை என்று அவள் சொல்லவில்லை. மனம் அதற்குள் ஆறிவிடுமா? புதுப் பட்டையைப் பிரித்தாள்.

"தலையக் குனி. இன்னிக்கு ஒட்டுற நாள். நீங்க எண்ணுங்க," என்றாள் கணவனிடம்.

அவன் முதல்முறையாக எண்ணத் தொடங்கினான்.

"வலிக்குமா அண்ணி?"

"வலிக்காது. காலையிலயே பாத்துட்டேன்."