மூன்றாவது மாடி

போன் அலறியது.

"சார்... ஊருக்குத் தெக்க, புதுக் கல்யாண மண்டபத்துல ஒரு ஆளு செத்துக் கெடக்காரு."

கோவில்பட்டி. 1998. விடிய விடிய ஐப்பசி மழை.

ஜீப் ரோட்டோரம் நின்றது. அங்கிருந்து மண்டபம் வரை ஈரக் கரிசல். இன்ஸ்பெக்டர் தவசி பூட்ஸைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு நடந்தார். கூட வந்த போலீஸ்காரர்களும் அப்படியே. மழைக்குப் பிறகு கரிசலில் செருப்போடு இறங்குகிறவன் வெளியூர்க்காரன்தான்.

உள்ளே பிணம்!

அய்யாத்துரை. ரிட்டயர்ட் என்ஜினியர். மண்டபச் சுவரில் வெடிப்பு விட்டதற்கு யார் பொறுப்பு என்று தீர்ப்புச் சொல்ல வந்த மத்தியஸ்தர். இன்று காலை தீர்ப்பை எழுதித் தருவதாக இருந்தார்... அதற்குள் தலையில் செங்கல் இறங்கிவிட்டது.

பக்கத்தில் ஒரு ஜோடி ஷூ.

"நந்தகோபாலோடது சார்," என்றார் மண்டப முதலாளி பூவனநாதன். "மெட்ராஸ்காரரு. இதக் கட்டின கம்பெனி அவருதுதான். அது திவாலாகி இப்ப கோர்ட்டு ஆபீஸர் கையில இருக்கு. ஐகோர்ட்டுல அனுமதி வாங்கித்தான் கேஸ் நடத்துதேன். தோத்துருவோம்னு தெரிஞ்சு அடிச்சிட்டாரு."

லாட்ஜிலிருந்து நந்தகோபாலை அழைத்து வந்தார்கள். ரப்பர் செருப்போடு வந்தார். இரண்டு காலிலும் கிலோக் கணக்கில் களிமண்.

"என் ஷூதான் சார். லாட்ஜ் ரூம் வாசல்ல வெச்சிருந்தேன். காலையில காணோம்."

தவசி ஷூவைத் திருப்பினார்.

அடியில் ஒரு பொட்டு மண் இல்லை!

"இதப் போட்டுக்கிட்டு யாரும் நடக்கல. கையில தூக்கிட்டு வந்து வச்சிருக்கான். நம்ம ஊர்க்காரன்..."

பூவனநாதன் ஓரடி பின்னால் நகர்ந்தார்.

"என்ன தீர்ப்புன்னு தெரியுமா?" நந்தகோபாலைக் கேட்டார் தவசி.

"நேத்தே எங்க ரெண்டு பேரையும் வெச்சு சொல்லிட்டார் சார். நாங்க ரெண்டு மாடிக்குப் போட்ட அஸ்திவாரம் சரி. கம்பெனி மூடினப்புறம் இவரே ஆள் வெச்சு மூணாவது மாடி ஏத்தினாரு. அதான் வெடிச்சுதுன்னு."

"அப்ப நீங்க செயிச்சாச்சு."

"ஜெயிச்சாலும் எனக்கு ஒண்ணும் வராது சார். எல்லாம் கோர்ட் ஆபீஸருக்கு, கடன்காரங்களுக்கு. நான் ஏமாத்துக்காரன் இல்லைன்னு ஒரு வார்த்தை வரும்ல... அதுக்குத்தான் வந்தேன்."

தவசி திரும்பினார்.

"செயிச்ச ஆளு எதுக்கு அண்ணாச்சி அடிக்கணும்? அது இருக்கட்டும். திவாலான கம்பெனிய செயிச்சு நீங்கதான் என்னத்த அள்ளப் போறீங்க?"

பூவனநாதன் ஜன்னலைப் பார்த்தார். எதிரே அவருடைய சகலை சுந்தரபாண்டியின் மண்டபம். அதுவும் நந்தகோபால் கட்டியதுதான். இரண்டு மாடி. ஒரு கீறல் இல்லை. வாசலில் வாழைமரம், உள்ளே மேளச்சத்தம். பார்க்கப் பார்க்க பூவனநாதனுக்கு வயிறு எரிந்தது.

"மாமனார் வீட்டுல எந்த விசேஷம்னாலும் மொத மரியாதை அவனுக்குத்தான் சார்..." என்றார் பூவனநாதன். "அவனவிட ஒரு மாடியாவது உசரணும்னு ஏத்தினேன். அதாலதான் வெடிச்சுதுன்னு தெரிஞ்சா சிரிப்பானே... கட்டினவன் மேல பழியப் போடுங்கன்னு அய்யாத்துரை கால்ல விழுந்தேன். மாட்டேன்னுட்டாரு. விடியக்காலம் இங்கன வரச்சொல்லி..."

"ஷூ?"

"கரிசல்ல எறங்குறப்ப எல்லாம் கையிலதான தூக்குதோம்... மண்ணு ஒட்டணும்னு தோணவே இல்ல சார்."

லாபமே இல்லாத கொலை. பொறாமைக்கு எதற்கு லாபம்?

விலங்கு ஏறியது.

"சார்... ஜீப்பை சகலை மண்டபம் வழியா மட்டும் விடாதீங்க. இன்னைக்கு அங்கன முகூர்த்தம்."

"விடுங்க அண்ணாச்சி," என்றார் தவசி. "ஜெயில்ல மாடி ரூமாக் கேட்டு வாங்கித் தாரேன். சகலைய விட உசரத்துலயே இருக்கலாம்."